ஹெட்செட்டுக்குக் கீழே தெரிந்த கால்

உமாபதி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். அது வீரபாண்டிக்குத் தெரிந்துவிட்டது என்பதுதான் உமாபதிக்குத் தெரியவில்லை.

வீரபாண்டியின் முகத்தில், கண்ணை முழுக்க மூடும் வி.ஆர். ஹெட்செட் இறுக்கமாக மாட்டியிருந்தது. உள்ளே தியேட்டர் அளவுக்கு ஒரு திரை. திரை முழுக்க இடிந்து கிடக்கும் ஒரு நகரம். அவனுடைய ஆள் துப்பாக்கியோடு ஒரு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தான். அல் கூஸ் லேபர் கேம்ப்பின் அந்த ஆறு பேர் ரூம், இரட்டைக் கட்டில்கள், கொடியில் தொங்கும் டூட்டி உடுப்புகள் எதுவும் அவன் கண்ணுக்கு இல்லை. மூக்குக்குக் கீழே மட்டும் விரற்கடை அளவுக்கு ஒரு சந்து. அதன் வழியே தரை தெரிந்தது. எதிர் நாற்காலிக்கு முன்னால் இத்தனை நேரமும் அசையாமல் இருந்த இரண்டு வெறுங்கால்கள் இப்போது நடந்துகொண்டிருந்தன.

இடது பெருவிரல் நகம் கறுத்திருந்தது. போன மாதம் இரும்புத் தகடு விழுந்த நகம். உமாபதியின் கால்தான்.

தண்ணீர் குடிக்கப் போகிறான் என்று நினைத்தான். கால்கள் தண்ணீர்க் கேன் பக்கம் போகவில்லை. கதவருகே போய் நின்றன. குதிகால்கள் இரண்டும் உயர்ந்தன. மேல் தாழ்ப்பாள். காது நிறையத் துப்பாக்கிச் சத்தம் இருந்ததால் தாழ் விழுந்த ஓசை கேட்கவில்லை. குதிகால்கள் மறுபடி தரையில் பதிந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மற்ற நான்கு பேரும் சத்வாவுக்குக் கடைக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் வீரபாண்டிக்கு ஃப்ளைட். லீவு அல்ல, விசா கேன்சல் முடிந்து ஒரேயடியாக ஊருக்குப் போகிறான். டாக்சி வரும்வரை சும்மாதானே இருக்கிறோம் என்று உட்கார்ந்திருந்தவனை, “கடைசியா ஒரு ஆட்டம் போட்டுட்டுப் போங்கண்ணே” என்று கூப்பிட்டவனே உமாபதிதான்.

இரண்டு ஹெட்செட்டையும் ரூமுக்குக் கொண்டுவந்தவர், அதே ரூமில் இருக்கும் கௌஸ் முகைதீன். சத்வாவில் பழைய சாமான் கடையில் பிடித்தது. முதலில் கையை வீசிக் கத்திச்சண்டை போடும் விளையாட்டைத்தான் ஆடிப் பார்த்தார்கள். கையை நீட்டினால் கட்டிலில் இடிக்கிற ரூம் அது. முதல் நாளே ட்யூப் லைட் போயிற்று, கௌஸ் முகைதீனின் கை முட்டியும் பெயர்ந்தது. அதோடு அதை விட்டுவிட்டு, பழைய லேப்டாப்போடு இணைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாதாரணத் துப்பாக்கி கேம் ஆடத் தொடங்கினார்கள். எல்லாரும் வீட்டில் கம்ப்யூட்டரில் ஆடுகிற அதே கேம்தான். ஆனால் இதை மாட்டிக்கொண்டால் ஆறு பேர் மூச்சு முட்டும் ரூமில் ஆளுக்கொரு தியேட்டர் கிடைத்தது.

கால்கள் இப்போது கட்டிலருகே மடங்கின. முழங்கால்கள் தெரிந்தன. ஒரு கை நீண்டு டூல் பையை இழுத்தது. கை வெளியே வந்தபோது, வெல்டிங்கில் கசடு தட்டும் சுத்தியல் அதில் இருந்தது. ஒரு பக்கம் கூர், மறு பக்கம் உளி.

பதினேழு வருஷம் வெல்டிங் முகமூடிக்குள் வாழ்ந்தவன் வீரபாண்டி. முகமூடியை இறக்கிவிட்டால் வெல்டருக்கு உலகம் இருட்டு. யார் பக்கத்தில் வருகிறார்கள், ஃபோர்மேனா, ஹெல்பரா, கேபிளை மிதிக்கப் போகிற மடையனா என்று கீழே தெரியும் காலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உமாபதிக்குத் தகடு வெட்டும் வேலை. முகமூடி மாட்டியவனுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் அவன் நினைத்திருப்பான்.

ஹெட்செட்டைக் கழற்ற இரண்டு கையும் வேண்டும். பின்னால் உள்ள திருகைத் திருப்ப வேண்டும். அதற்குள் சுத்தியல் இறங்கிவிடும். கதவோ தாழிட்டிருக்கிறது. தெரியாத மாதிரியே ஆடிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

“எங்கடா ஒளிஞ்சிருக்க?” என்றான். திரையில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்திருந்தது.

“தேடுங்கண்ணே. கிடைப்பேன்.”

குரல் எதிரிலிருந்து வரவில்லை. வலப்பக்கத்திலிருந்து வந்தது.

திரையில் அவனுடைய ஆள் மாடிக்கு வந்து எட்டிப் பார்த்தான். கீழே குறுக்குத் தெருவில் உமாபதியின் ஆள் சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். ஆட்டுவிக்கக் கை இல்லாமல் நின்றான். யாராக இருந்தாலும் சுட்டிருப்பார்கள். சுட்டு, சத்தம் போட்டுச் சிரித்திருப்பார்கள். வீரபாண்டியின் விரல் பொத்தானில் இருந்தது. சுட்டால் ஆட்டம் முடியும், பிறகு உமாபதி பொறுக்க மாட்டான். சுடாமல் நின்றால் இன்னும் மோசம். வீரபாண்டி பார்ப்பதெல்லாம் லேப்டாப்பிலும் தெரியும். அதை உமாபதி இப்போது நின்று பார்த்துக்கொண்டிருப்பான். கண்டும் சுடாதவன் வேறு எதையோ கவனிக்கிறான் என்று ஒரே நொடியில் புரிந்துகொள்வான்.

வீரபாண்டி தன் ஆளைப் படக்கென்று திருப்பி எதிர்ச்சாரிக் கட்டடத்துக்கு ஓட விட்டான்.

“அந்தப் பக்கம் இல்லண்ணே” என்றான் உமாபதி, மெதுவாக.

“சொல்லிக் குடுத்து ஆடுறியாக்கும்?”

“ஜெயமணி இதை நல்லா ஆடுவான்ல?”

வீரபாண்டியின் கட்டை விரல் நின்றது. திரையில் அவன் ஆளும் நின்றான். “ஆமாடா. நம்ம எல்லாரையும் சுட்டுத் தள்ளுவான்.”

“இப்ப எப்படிண்ணே ஆடுவான்?”

ஜெயமணி உமாபதியின் தம்பி. மூன்று மாதத்துக்கு முன்னால் வொர்க்‌ஷாப்பில், தகடு வளைக்கும் பிரஸ்ஸில் அவன் வலது கை மாட்டியது. கட்டை விரல் தவிர மிச்சம் நான்கும் போயின. அன்றைக்கு ஆள் பற்றாமல் வெல்டிங்கை விட்டு வந்து, மிதித்தால் பிரஸ் இறங்கும் கால் பெடலில் நின்றவன் வீரபாண்டி. சிக்கிக்கொண்ட தகடை எடுக்க ஜெயமணி கையை விட்டிருந்தான். பின்னாலிருந்து ஃபோர்மேன் “ஜல்தி, ஜல்தி” என்று கத்திக்கொண்டிருந்தான். வீரபாண்டி பார்க்காமல் மிதித்தான். சேஃப்டி ஆபீசர் கேட்டபோது, “நான் மிதிச்சதுக்கு அப்புறம் அவனா கையை விட்டான் சார்” என்றான். மயங்கிக் கிடந்தவனால் மறுக்க முடியவில்லை. கண் விழித்து மறுத்தபோது யாரும் கேட்கவில்லை. சொன்னபடி கேட்காத பயல் என்ற பெயரோடு அவனை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். உமாபதிகூட வீரபாண்டி சொன்னதைத்தான் நம்பினான். மூன்று மாதமும் ஒரே சட்டியில் சாப்பிட்டான்.

மூக்குக்குக் கீழிருந்த சந்தின் வலப்பக்கத்தில் கறுத்த நகம் வந்து நின்றது. வலது கால் ஓர் அடி பின்னால் போய் ஊன்றியது. ஓங்கி அடிக்கிறவன் ஊன்றுகிற மாதிரி.

வீரபாண்டி நாற்காலியில் ஊன்றியிருந்த வலது கையைப் பிடுங்கினான். அவன் கை இருந்த இடத்தில் சுத்தியல் இறங்கியது. நாற்காலியின் கைப்பிடி தெறித்துச் சில் ஒன்று அவன் உதட்டைக் கிழித்தது. உட்கார்ந்தவாக்கிலேயே அவன் பக்கவாட்டில் பாய்ந்தான். ஒயர் இழுபட்டு லேப்டாப் தரையில் விழுந்தது. நகரம் அணைந்தது. உள்ளே கும்மிருட்டு.

இருட்டில், மூக்குக்குக் கீழே அந்தச் சந்து மட்டும் வெளிச்சமாக இருந்தது. அதில் கால் தெரிந்தது. வீரபாண்டி கணுக்காலைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தான். உமாபதி மல்லாந்தான். மண்டை கட்டில் இரும்பில் மோதிய ஓசை காதை அடைத்திருந்த ஹெட்செட்டையும் மீறிக் கேட்டது. ஆனாலும் அவன் விடவில்லை. விழுந்தவாக்கிலேயே சுத்தியலை முகத்தைப் பார்த்து வீசினான். அடி ஹெட்செட்டின் மேல் விழுந்தது. கண்ணுக்கு முன்னால் கண்ணாடி நொறுங்கிக் கன்னத்தில் குத்தியது. ஹெட்செட் இல்லாவிட்டால் மூக்கெலும்பு போயிருக்கும்.

“பாத்துக்கிட்டேதான் இருந்தீங்களா?” என்று உமாபதி மூச்சிரைத்தான். “எல்லாத்தையும் பாத்துக்கிட்டேதான் இருப்பீங்க.”

வீரபாண்டி ஹெட்செட்டைப் பிய்த்து எறிந்தான். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. உமாபதியின் காதுக்கு மேலிருந்து ரத்தம் கழுத்து வழியாகப் பனியனுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுத்தியல் கட்டில் கால் பக்கம் உருண்டது. இரண்டு பேரும் அதன் மேல் விழுந்தார்கள். உமாபதி அவன் தோளைக் கடித்தான். வீரபாண்டி முழங்கையால் அவன் வாயில் குத்தினான், பல் உடையும்வரை குத்தினான். சுத்தியல் வீரபாண்டியின் கைக்கு வந்தது. உமாபதியின் வலது முழங்கையை முட்டிக்கு அடியில் போட்டு அழுத்தினான். விரிந்த உள்ளங்கை தரை டைல்ஸின் மேல் கிடந்தது.

“விடுறேன்” என்றான் வீரபாண்டி. “நான் போயிடுறேன். நீ அசையாத.”

உமாபதி ரத்தத்தைத் துப்பினான். “கௌஸ் பாய் நேத்துச் சொல்லிட்டாருண்ணே. நீங்கதான் ஊருக்குப் போறீங்களே, இனிமே மறைச்சு என்னன்னு சொன்னாரு. ‘கை உள்ள இருக்கு, கை உள்ள இருக்கு’ன்னு என் தம்பி கத்தினானாம். பக்கத்து மிஷின்ல அவருக்கே கேட்டுச்சாம். உங்களுக்குக் கேக்கலையா?”

“சத்தம்டா. வொர்க்‌ஷாப்புல அவ்வளவு சத்தம்.”

“அப்ப அதைச் சொல்லியிருக்கலாம்ல. கேக்கலைன்னு சொல்லியிருக்கலாம்ல. அவனா விட்டான்னு ஏன் சொன்னீங்க?”

வீரபாண்டி சுத்தியலை மாற்றிப் பிடித்தான்.

“போங்க. பரமக்குடியில உங்க வீடு எனக்குத் தெரியும். எங்க ரெண்டு பேரையும் விசா குடுத்துக் கூட்டிட்டு வந்ததே நீங்கதான. பின்னாடியே வருவேன்.”

சொல்லிக்கொண்டே இடது கையைச் சுழற்றி வீரபாண்டியின் தொண்டையைப் பிடித்தான். பிடி இறுகியது. வீரபாண்டிக்குக் கண் மங்கியது. திமிறியிருக்கலாம். அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்து ஓடியிருக்கலாம். அவன் கீழே பார்த்தான். டைல்ஸின் மேல் விரிந்து கிடந்த விரல்களைப் பார்த்தான். இந்தக் கை இல்லாவிட்டால் இவன் எங்கும் வர மாட்டான் என்று நினைத்தான். நினைத்துவிட்டு, ஓங்கி அடித்தான்.

ஒரே அடி. காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம். தொண்டைப் பிடி உடனே விட்டுப்போனது.

உமாபதி கத்தவில்லை. வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. கையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் சுருண்டான். நடு விரலும் மோதிர விரலும் போகக்கூடாத திசைக்குப் போயிருந்தன. வீரபாண்டி சுத்தியலைக் கீழே போட்டான். அன்றைக்குப் பார்க்காமல் மிதித்ததாகத் தனக்குத் தானே சொல்லிச் சொல்லித்தான் மூன்று மாதம் தூங்கினான். இன்றைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

கதவு இடிபட்டது. “டாக்சி வந்துடுச்சு, வீர் பாய். ஏர்போர்ட், ஜல்தி.” கேம்ப் வாட்ச்மேன் உஸைர், பெஷாவர்க்காரன்.

வீரபாண்டி எழுந்து போய்த் தாழை நீக்கினான். உஸைர் உள்ளே எட்டிப் பார்த்தான். உடைந்த நாற்காலி, தலைகுப்புறக் கிடந்த லேப்டாப், நொறுங்கிய ஹெட்செட், சுவரோரம் ரத்தத்தோடு சுருண்டிருந்தவன்.

“க்யா ஹுவா, என்னாச்சு?” என்றான். பதில் வருவதற்குள் அவனே இந்தியில் முடித்தும்விட்டான். “மறுபடியும் அந்தப் பெட்டியை மாட்டிக்கிட்டு ஆடினீங்களா? அன்னைக்கு லைட்டு உடைஞ்சது, இன்னைக்கு ஆளே விழுந்துட்டானா? கண்ணை மூடிக்கிட்டு விளையாடாதேன்னு எத்தனை தடவை சொல்றது. நான் ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன். நீ கிளம்பு பாய், ஃப்ளைட்டு போயிடும்.”

தலையை ஆட்டினால் போதும். பெட்டி கதவோரமே இருந்தது. உஸைர் ஒரு கையால் அதை வெளியே தள்ளியும் வைத்தான். கேம்ப் முழுக்க அதைத்தான் நம்பும். உமாபதி எதைச் சொன்னாலும், அடிபட்டவன் உளறுகிறான் என்பார்கள். தம்பி சொன்னதை அப்படித்தான் சொன்னார்கள்.

உமாபதி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி அவனைப் பார்த்தான். கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. என்ன சொல்லப் போகிறான் என்று தெரிந்தவன் மாதிரி பார்த்தான்.

“அவன் விழல, பாய்” என்றான் வீரபாண்டி. “மைனே மாரா. நான்தான் அடிச்சேன். இவன் கையையும், இவன் தம்பி கையையும்.”

“தம்பியா? எந்தத் தம்பி?”

“ஆபீஸ்ல சொல்றேன். டாக்சியைப் போகச் சொல்லு.”

உஸைர் உமாபதியின் கையைப் பார்த்தான். பிறகு தரையில் கிடந்த சுத்தியலைப் பார்த்தான். வெளியே போய்க் கதவைச் சாத்தி, வெளித் தாழைப் போட்டான். போலீசுக்குப் பேசுகிற குரல் காரிடாரில் கேட்டது.

வீரபாண்டி கொடியிலிருந்து ஒரு துண்டை உருவிக்கொண்டு உமாபதியின் முன்னால் குந்தினான். நசுங்கிய கையைத் தொட்டான். உமாபதி காலைத் தூக்கி அவன் நெஞ்சில் எட்டி உதைத்தான். வீரபாண்டி மல்லாந்து விழுந்து, எழுந்து, மறுபடி குந்திக் கையைப் பிடித்தான். உமாபதி மறுபடி உதைத்தான். நான்காவது உதையில் காலில் வலு இல்லை. அதற்குப் பிறகுதான் கட்டுப் போட விட்டான்.