மருதங்காட்டுக் கொக்குகள்

நிந்தவூருக்கு மேற்கே கிடக்கும் அந்த வயல்வட்டையில் ஒரு நெற்கதிர் தலைசாய்வதானாலும் நிலச்சொந்தக்காரர் மசூர் போடியாரின் உத்தரவு வேண்டும் என்பது ஊரறிந்த உண்மை. கொக்குகளுக்கு மட்டும் அந்த உண்மை எட்டவில்லை. வட்டை ஓரத்து மருதங்காட்டில் கூடு கட்டியிருந்த அவை, போடியார் மரநிழலில் நின்று பெரிய அதிகாரி ஒருவருக்கு மாலை போடும் நேரம் பார்த்து, மாலை போட்டவரின் வெள்ளை ஜுப்பாவில் எச்சமிட்டன. அதிகாரி சிரித்துவிட்டார். அடுத்த கிழமை காடு இல்லை.

"வட்டைய வெளிச்சமாக்கிட்டன்" என்று போடியார் பள்ளிவாசலடியில் சொல்லிக்கொண்டார்.

முன்மாரி வெள்ளாமை, கதிர் உள்ளே பொதிந்திருக்கும் குடலைப் பருவத்துக்கு வரும்வரை எல்லாம் நல்லபடிதான். அதற்குப் பிறகுதான் அந்த அமைதி உறைத்தது. கொக்கு இல்லை, கரிக்குருவி இல்லை, அந்தியில் ஆந்தைச் சத்தமும் இல்லை. எலிகள் பட்டப்பகலில் வரம்பில் உலாவின. நெல்லின் அடித்தண்டில் எள்ளைக் கொட்டியதுபோல, சாறு உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி. முதலில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குப் பயிர் கருகியது. பிறகு பள்ளிவாசல் முற்றம் அளவுக்கு. போடியார் மருந்தடித்தார். சிலந்தியும் தவளையும் செத்தன. அறக்கொட்டி கொழுத்தது.

"இஞ்ச பாருங்க" என்றாள் மனைவி ஸுல்பிகா. "இந்த வெள்ளாமைய நம்பித்தானே மகள் சிபானாட வீட்டுக்கு ஓடு போடுற எண்டீங்க? வீடு முடியாம மாப்புள வருவானா?"

"ஊருக்குச் சோறாக்கிக் கந்தூரி குடுப்பம். வட்டைக்கு வந்த முசீபத்து நீங்கிரும்."

"முசீபத்து தானா வரல்ல. உங்கட கோடாலியோட வந்த."

காடு நின்ற மொட்டை வெளியிலேயே கந்தூரிச் சட்டி ஏறியது. அடியில் எரிந்தது மருதங்கட்டை. பற்றவைக்கக் காய்ந்த கூடுகள் கைக்கெட்டிய இடத்தில் கிடந்தன. வயலைக் குத்தகைக்குச் செய்யும் இளையதம்பி வந்து காதோடு சொன்னான்: "போடியார், கருகல் நடுவரம்பயும் தாண்டிட்டு."

மௌலவி துஆவைத் தொடங்கினார். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமீன் சொன்னவர் போடியார்தான்.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து கொக்குக் கூட்டம் ஒன்று வந்தது. ஆமீன் பாதியில் நின்றது. எல்லோரும் அண்ணாந்தார்கள். மரம் நின்ற இடத்துக்கு மேலே, இறங்க ஒரு கிளை தேடி, கொக்குகள் தாழ்ந்து வட்டமிட்டன.

"இறங்குங்க, வாப்பாமாரே, இறங்குங்க" என்று யாரோ கெஞ்சினார்கள்.

துஆவுக்கு ஏந்தியிருந்த இரண்டு கைகளையும் எடுத்து மசூர் போடியார் தொப்பியை மூடிக்கொண்டார்.