மேடையில் சொன்ன வேலை

வேலூர் பக்கம் பாதி ஜனம் தோலால்தான் சோறு தின்கிறது. ஆனாலும் செருப்பு என்ற சொல்லை நாலு பேர் நடுவில் சொல்லக் கூடாது என்பது நர்ஸ் ஜெயபுஷ்பம் போட்ட சட்டம். அவளுடைய அப்பா பேரணாம்பட்டில் பதனிடாத பச்சைத்தோல் சுமந்தவர். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்ததை அவள் மறக்கவே இல்லை.

மகன் ஜெஸ்டனுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியுமா? சர்ச் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே உள்ளே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவான். காலண்டர் அட்டையை வெட்டிப் பொம்மைக்குக்கூட ஷூ செய்வான். அவனுக்கு ஏழு வயதிருக்கும்போது, 1991இல், ஞாயிறு பள்ளி ஆண்டு விழா நடந்தது. போதகர் மைக்கை நீட்டினார்.

"பெரியவனாகி இன்னா ஆவப் போற?"

"செருப்பு தைப்பேன்!"

சபையே சிரித்தது. ஜெயபுஷ்பத்தின் மானம் கப்பலேறியது. இறங்கி வந்த பிள்ளையைத் தொடை கன்றிப்போகும்படி கிள்ளினாள். அடுத்த வருஷம் அதே கேள்விக்கு "டாக்டர்" என்றான். கைதட்டல். ஓடி வந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:

"சரியா சொன்னேனாம்மா?"

அவள் கமர்கட்டு வாங்கிக் கொடுத்தாள்.

கிள்ளினால் ஆசை போய்விடுமா என்ன? டிப்ளமோ முடித்ததும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிசைனராகச் சேர்ந்துவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது ஜெயபுஷ்பத்தின் பொறுப்பாயிற்று. கேட்டவர்களிடமெல்லாம், "மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனி" என்றாள். வார்டில் நின்று நின்று வீங்கிய அவள் காலுக்கென்றே அளவெடுத்து அவன் ஒரு ஜோடி செய்து தந்தான். "நல்லா கீதே, எங்க வாங்கன?" என்று கூட வேலை பார்க்கும் ராஜம்மாள் கேட்டபோது, அதையும் மெட்ராஸ் கடைத்தெருவில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

2006 ஆண்டு விழாவில் புதுப் போதகருக்கு ஒரு யோசனை. இங்கே படித்து வளர்ந்தவர்கள் மேடைக்கு வந்து தங்கள் வேலையைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்குமாம். "ஜெஸ்டன் தம்பி, வாப்பா."

உண்மையைச் சொன்னால் ஜெயபுஷ்பத்தின் இத்தனை வருஷப் பொய்யும் சபை நடுவில் சந்தி சிரிக்கும். மைக்கைப் பிடித்த அவன் விரல்களில் பசைக் கறை தெரிந்தது. அவன் கூட்டத்தில் அவளைத் தேடிக் கண்டுபிடித்தான். ஒரு நிமிஷம் பார்த்தான்.

"மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனில வேல செய்றேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவளையும் திரும்பிப் பார்த்ததால் அவளும் தட்டினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏழு வயதில் இதே மேடையில் பயமில்லாமல் உண்மை சொன்ன பிள்ளை. அவனைக் கிள்ளிக் கிள்ளி இப்படி ஆக்கியவள் அவள்தான்.

வெளியே வந்ததும், குவியலிலிருந்து, தான் செய்து தந்த அவள் செருப்பை எடுத்துத் துடைத்துக் காலடியில் வைத்தான்.

"சரியா சொன்னேனாம்மா?"

குரலில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருந்தால் தேவலை. அந்தச் செருப்பில் காலை நுழைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.