ஒத்துப்போன பெயர்கள்

எல்லைச் சாவடிக் கணினிக்கு எழுத்து முக்கியமில்லை, ஒலி ஒத்துப்போனால் போதும். தேடப்படும் திருடன் ஒருவனின் பெயரோடு ஓரல்பெக்கின் பெயர் ஒத்துப்போனதால், எல்லைக்கு அப்பால் கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் நடக்கும் கல்யாணத்துக்குப் புறப்பட்டவன் காலையிலிருந்து கம்பிக்குள் கிடந்தான்.

"அந்த நாயோட வம்சம் வேற. என் ஏழு தலைமுறையையும் சொல்றேன், கேளு தம்பி," என்று ஓரல்பெக், காவலுக்கு நின்ற ஜாந்தோஸிடம் எரிந்து விழுந்தான். கசாக் ஆண்பிள்ளைக்கு அதைவிட வேறென்ன அடையாள அட்டை? சாவடி முழுக்கக் கேட்கும்படி அப்பனிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னான். ஏழாவது பெயரைக் கேட்டதும் ஜாந்தோஸ் கம்பிக்குள் கைவிட்டு அவனைத் தழுவிக்கொண்டான்.

"அண்ணே, அவர் எனக்கும் ஏழாம் பாட்டன்."

"அப்போ திறந்து விடுடா."

"இப்பதான் விடலாம்னு இருந்தேன். இனிமே விட்டா, சொந்தக்காரனை விட்டுட்டான்னு என்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்கண்ணே."

அண்ணனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.