கரண்டியை விடாத அம்மா

வெளிநாட்டில் வந்து இறங்கிய முதல் நாளே சின்னவன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "அக்கா, இந்த ஊர் ரொட்டியத் தட்டினா கதவு மாதிரி சத்தம் வருது!" ஆறு வயதுக்காரன், மேஜையில் தட்டியும் காட்டினான். படிக்கட்டு தானாக ஏறிப்போனது. குழாய் கையைக் கண்டதும் தண்ணீர் விட்டது. கப்பல் ஒன்று வந்தபோது பாலமே இரண்டாகப் பிரிந்து எழுந்து நின்றது. பிளந்த வாயை அவன் மூடவேயில்லை. அப்பா பஸ் டிரைவர். எந்த பஸ்ஸில் ஏறினாலும் டிரைவருக்குப் பின்சீட்டைப் பிடித்து, வளைவு வரும்போதெல்லாம் காலால் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டு வந்தார்.

பெரியவளுக்குப் பத்து வயது. அவளும் எல்லாவற்றையும் பார்த்தாள். பாலாடைக்கட்டியைக் கடித்து முகம் சுளித்தாள், காளான் சூப்பை மூன்று கிண்ணம் குடித்தாள். ஆனால் மனசு ஒரு விஷயத்திலேயே நின்றது. அம்மா பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்ப்பவள். முந்நூறு பிள்ளைகளுக்குப் பரிமாறி முடித்து, அண்டாவின் அடியில் மிஞ்சியதை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வாள். வீட்டிலும் அதே கதைதான். அம்மா உட்கார்ந்து, ஆவி பறக்கச் சாப்பிட்டு அவள் பார்த்ததே கிடையாது. நாலு நாள் பயணத்தில் ஒரு வேளையாவது அதைப் பார்த்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

மத்தியானமும் ராத்திரியும் ஊர் சுற்றுகிற அவசரத்தில் ரொட்டிப் பொட்டலத்தோடு சரி. உட்கார்ந்து சாப்பிடக் கிடைத்தது விடுதியின் காலைச் சாப்பாடு மட்டும்தான். வேண்டியதை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அங்கேதான் வந்தது வினை. முதல் நாள் அம்மா பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அள்ளி வைத்த நேரம், பின்னால் நின்ற வழுக்கைத்தலைப் பெரியவர் சும்மா தட்டை நீட்டினார். தட்டு நீண்டால் அம்மாவின் கை சும்மா இருக்குமா? அவருக்குப் போட்டாள். அடுத்தவருக்கும் போட்டாள். அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள்.

"போதுமா? இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று அம்மா தமிழில் கேட்க, அவர்களும் புரிந்தாற்போல் தலையாட்டினார்கள். தீர்ந்துபோன பாத்திரங்களை நிரப்பி வைக்கிற, விடுதியின் வெள்ளைத்தொப்பிக்காரி, முதலாளி புது ஆள் போட்டிருக்கிறார் போலும் என்று பேசாமல் இருந்துவிட்டாள். அம்மா வந்து உட்கார்ந்தபோது முட்டை விறைத்துப்போயிருந்தது.

"இவளக் கூட்டிட்டு வந்தது ஊர் பாக்கவா, இந்த ஊருக்கே பந்தி போடவா?" என்று அப்பா சிரித்தார். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் நாள் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "இதோ ஆச்சுடி" என்றாள் அம்மா. ஆகவில்லை. மூன்றாம் நாள் சின்னவனை வயிற்றுவலி என்று அழச் சொன்னாள். அவன் அழுத அழுகையில் பக்கத்து மேஜைக்காரர் மாத்திரையை எடுத்து நீட்டினார். அம்மா ஓடிவந்தாள், மடியில் போட்டுத் தடவிக்கொடுத்தாள், அன்றைக்கும் சாப்பாடு ஆறிப்போனது.

நாலாம் நாள், கடைசிக் காலை. எல்லோரும் எழுவதற்கு முன் பெரியவள் கீழே போனாள். வெள்ளைத்தொப்பிக்காரியிடம் கரண்டியைக் காட்டி, தன்னைக் காட்டி, மாடியைக் காட்டி, உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் நடித்தாள். அந்தப் புண்ணியவதி என்ன புரிந்துகொண்டாளோ, ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, தன் தொப்பியைக் கழற்றி இவள் தலையில் வைத்தாள்.

அம்மா வந்து பார்த்தபோது வரிசை வாசல்வரை நின்றது. "ஏய், குடுடி இங்க! கையில சுட்டுக்கப் போற!"

"அதெல்லாம் முடியாது. வரிசையில வாம்மா."

பள்ளிக்கூடத்தில் அம்மா போடுகிற அதே அதட்டல். அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா முறைத்தாள், சுற்றிப் பார்த்தாள், பிறகு நல்ல பிள்ளையாகக் கடைசியில் போய் நின்றுகொண்டாள். முறை வந்ததும் பெரியவள் உருளைக்கிழங்கும் முட்டையும் வைத்து, சூப்பும் ஊற்றிக் கொடுத்தாள். எல்லாமே ஆவி பறந்தது.

அம்மா சன்னலோரம் உட்கார்ந்தாள். ஊதி ஊதிச் சாப்பிட்டாள். ஆட்கள் தட்டை நீட்டியபடி இருந்தார்கள். பெரியவளின் கை அவர்களுக்குப் போட்டது, கண் மட்டும் சன்னலோரத்திலேயே இருந்தது. அம்மா ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.

பிறகு திடீரென்று எழுந்தாள். கரண்டியைப் பிடுங்கத்தான் வருகிறாள் என்று பெரியவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மா வரிசையில் நின்றாள். காலித் தட்டோடு, முன்னால் நின்ற இரண்டு பேர் நகரும்வரை காத்திருந்து, வந்து நீட்டினாள்.

"உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் வைடி. ரொம்பப் பசிக்குது."

பெரியவளுக்குச் சந்தோஷத்தில் கண்ணில் நீர் முட்டியது. கரண்டி நிறைய அள்ளி வைத்தாள்.