சிவப்பு வயர் சுற்றிய மெக்கர்

காலையிலிருந்து அண்ணி அந்த மேசையை நான்கு தடவை துடைத்துவிட்டாள். ஐந்தாம் தடவை துணியை எடுத்தபோதுதான் நாத்தனார் வாய் திறந்தாள்.

"விடுங்க அண்ணி. வர்றவர் மேசைக்கு லைசென்ஸ் கொடுக்கப் போறதில்லை."

"உனக்கென்ன தாயே, கிணத்துல போட்ட கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கே. எனக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அந்த ஒற்றை அறைதான் அவர்கள் தொடங்கப்போகும் மின் ஒப்பந்த நிறுவனம். அண்ணி உரிமையாளர், நாத்தனார் மேற்பார்வையாளர். பெயர்ப்பலகை தயாராகிவிட்டது. லைசென்ஸ் எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். பயத்தில் எதையாவது உளறிவிடுவான் என்று அண்ணனைக் காலையிலேயே வெளியே அனுப்பியாகிவிட்டது.

எட்டு வருடமாக நாத்தனார் வீடுகளுக்கும் கடைகளுக்கும் வயரிங் செய்கிறாள். தேர்வு எழுதி மேற்பார்வையாளர் சான்றிதழும் வாங்கிவிட்டாள். ஆனாலும் வேலை முடிந்து கொடுக்கும் சோதனை அறிக்கையில் கையெழுத்து வேறொருவருடையது. லைசென்ஸ் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர் வண்டியிலிருந்து இறங்காமலே, தாளைத் தொடையில் வைத்து, படிக்காமல் கிறுக்கிவிட்டுப் போவார். பெற்றவள் ஒருத்தி, பெயர் இன்னொருவருக்கு. இன்றைய ஆய்வில் தேறினால் அது முடியும். தேறாவிட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பம்.

அலுவலகத்தில் இருந்தாக வேண்டிய கருவிகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் எல்லாம் இருந்தன, மெக்கரைத் தவிர. வயரின் உறையில் மின்கசிவு உண்டா என்று காட்டும் கருவி அது. அவர்களுடையதைப் பழுது பார்த்து அளவு சரிசெய்ய மூன்று வாரம் முன்பு அவள்தான் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். இன்னும் திரும்பவில்லை. நேற்று அண்ணி அடுத்த தெரு ஒப்பந்தக்காரரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். எதைக் கேட்டாலும் 'நாளைக்கு' என்பதால் ஊரே அவரை நாளைக்கு என்றுதான் கூப்பிடும்.

"அதிசயமா இன்னைக்கே கொடுத்துட்டார்" என்றாள் அண்ணி. நாத்தனார் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று அண்ணி எடுத்துக்கொண்டாள். அது சம்மதம்தானா என்று இரவெல்லாம் யோசித்தும் அவளுக்கே விளங்கவில்லை.

ஆய்வாளர் வந்தார். குடையை மூலையில் சாய்த்தார். எர்த் டெஸ்டர், ரப்பர் கையுறை, பதிவேடு என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தவர், மெக்கரைக் கையில் எடுத்ததும் நின்றார். அதன் உடைந்த கைப்பிடியில் சிவப்பு வயர் சுற்றியிருந்தது.

"வாங்க, சௌக்கியமா?" என்றார் மெக்கரைப் பார்த்து.

அண்ணி விழித்தாள்.

"போன வாரம் இவரை ரெண்டு தெரு தள்ளிப் பார்த்தேன். அதுக்கு முந்தின வாரம் ஆத்துக்கு அந்தப் பக்கம். பாவம், லீவே கிடையாது போல."

"ஒரே கம்பெனியா இருக்கும் சார். எல்லாம் ஒரே மாதிரிதானே…" என்று அண்ணி இழுத்தாள்.

"எல்லாத்துக்கும் கைப்பிடி உடைஞ்சு, எல்லாத்துக்கும் சிவப்பு வயராம்மா?"

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். மௌனம் அவளுக்குப் பழகிய வீடு. ஆனால் இந்த மௌனத்தில் இருக்க முடியவில்லை. ஆய்வாளர் குறித்துவந்த அறிக்கைத் தாளின் அடியில் அவள் கையெழுத்து வேண்டும். இந்த மெக்கர் எங்களுடையது என்று அதற்கு அர்த்தம். எட்டு வருடம் காத்திருந்து போடும் முதல் கையெழுத்து. வண்டியிலிருந்து இறங்காத அந்த மனிதரின் கிறுக்கலைவிட அது எந்த விதத்தில் மேல்?

"இது எங்களுது இல்லை சார்" என்றாள். "எங்களுதை சரி பண்ண அனுப்பியிருக்கோம். ரசீது இருக்கு."

"அதுக்கு என்ன கேடு?"

"பொய் சொல்லுச்சு சார். ஒரு வீட்டுல சுவர் ஊறிப்போயிருக்கு, அது எல்லாம் பிரமாதம்னு காட்டுது. நம்ப முடியலை. சுவிட்ச் பெட்டியைத் திறந்தா வயர் உறை வெடிச்சிருக்கு."

"அதுக்கு முன்னாடி அதை நம்பிப் பார்த்த வீடுங்க?"

"மூணு. மூணுக்கும் மறுபடி போய்ப் பார்த்தேன். ஒண்ணுல குளியலறை ஹீட்டர் லைனை மாத்திட்டேன். பதிவேட்டுல இருக்கு."

"எதை வச்சுப் பார்த்தீங்க?"

அவள் சிவப்பு வயரைக் காட்டினாள். "அப்பவும் இதையேதான் கடன் வாங்கினேன். வேலைக்கு வாங்கினது தப்பில்லை சார். உங்களுக்குக் காட்ட வாங்கினதுதான் தப்பு."

ஆய்வாளர் ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நெடுநேரம் படித்தார். பிறகு எழுதினார்: மெக்கர் சரிபார்ப்புக்கு அனுப்பப்பட்டுள்ளது. ரசீது பார்த்தேன். பதினைந்து நாளில் நேரில் காட்ட வேண்டும். மற்றவை சரி.

"அப்போ பாஸா சார்?" என்றாள் அண்ணி.

"உங்க மெக்கரைப் பார்த்துட்டுச் சொல்றேன். இவரை மட்டும் மறுபடி கூட்டிட்டு வந்துடாதீங்க." தாளை நாத்தனாரிடம் நீட்டினார். "மேற்பார்வையாளர் கையெழுத்து."

அவள் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

"போடு சீக்கிரம், அவர் மனசு மாறிடப் போகுது" என்று அண்ணி முணுமுணுத்தாள்.

"படிக்கட்டும்மா" என்றார் ஆய்வாளர்.

கடைசி வரி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அவர் போனதும் அண்ணியின் செல்போன் அடித்தது. கூப்பிட்டது அடுத்த தெரு 'நாளைக்கு'தான். மெக்கர் நாலு மணிக்குள் வேண்டுமாம், வேறொரு இடத்தில் ஆய்வாம்.

"அங்கேயும் இதே ஆளு வரப் போறார்னு அவர்கிட்ட சொல்லிடுங்க அண்ணி" என்றாள் அவள். சிரித்தபடி பெயர்ப்பலகையைத் திருப்பினாள். எண்ணுக்கு விட்ட இடம் போதுமா என்று விரலால் அளந்து பார்த்தாள்.