குறையாத ஐம்பது கிராம்

ஆறாம் மாதத்துப் பைகளைத் தராசில் வைத்தபோது நான் முதலில் சந்தேகப்பட்டது தராசைத்தான். ஐம்பது கிராம், நாற்பத்தொன்பதரை, ஐம்பது, ஐம்பது, ஐம்பதரை. இரண்டு மாதங்களுக்கு முன் இதே வகைப் பைகள் முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தன. அழுகிக்கொண்டிருந்த இலை மனம் மாறிப் பழைய எடைக்கே வந்துவிட்டதா?

பை என்று நான் சொல்வது ஒரு சாண் அகலமான நைலோன் வலைப் பை. அதற்குள் இருப்பது தேயிலைச் செடியின் முற்றிய இலை. நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை செடியை முழங்காலுக்குச் சற்று மேலே வெட்டிவிடுவார்கள். கவ்வாத்து என்பார்கள். வெட்டிய இலை மண்ணில் அப்படியே கிடக்கும். அந்த இலையின் பாதியளவு கரி, அதாவது கார்பன். செடி அதைக் காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து எடுத்து உடம்பாக்கியிருக்கிறது. கீழே விழுந்ததும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இலையைத் தின்னத் தொடங்கும். தின்பவை மூச்சுவிடும். அந்த மூச்சோடு கரியில் பெரும்பங்கு திரும்பக் காற்றுக்கே போய்விடும். தின்னமுடியாத மிச்சம் மண்ணைக் கறுப்பாக்கிக்கொண்டு பல வருடங்கள் அங்கேயே தங்கும். எவ்வளவு போகிறது, எவ்வளவு தங்குகிறது என்பதுதான் என் முதுநிலைப் பட்டத்துக்கான ஆராய்ச்சி.

அளக்கும் வழி மிக எளிது. காய்ந்த இலை சரியாக ஐம்பது கிராம் நிறுத்து, வலைப் பையில் போட்டுத் தைத்து, செடிகளுக்கு அடியில் வைத்துவிட வேண்டும். வலைக் கண் வழியாகப் பூஞ்சை போய்வரும், இலை வெளியே வராது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஐந்து பைகளை எடுத்து, காயவைத்து, நிறுக்க வேண்டும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவும் காற்றோடும் மழைநீரோடும் போனது. 2002 நவம்பரில் அறுபது பைகள் வைத்தேன். றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மூன்று மைல் ஏறினால் வரும் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில். ஒவ்வொரு பையிலும் ஒரு தகட்டுச் சீட்டு. அதில் பையின் இலக்கமும், கீழே ‘50’ என்றும் எழுதியிருந்தேன்.

முதல் இரண்டு தடவையும் நானே கண்டியிலிருந்து போய் எடுத்துவந்தேன். நாற்பத்துமூன்று, பிறகு முப்பத்தெட்டு. புத்தகத்தில் இருப்பதுபோலவே இறங்கியது. மே மாதம் பல்கலைக்கழக வாகனம் கிடைக்கவில்லை. அந்த மலையில் கொழுந்து எடுக்கும் அம்மாக்கண்ணு அக்காவிடம் பொறுப்பைக் கொடுத்தேன். ஐந்து பைகளை எடுத்து, மண்ணைத் தட்டி, தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் ட்ரையரின் பக்கத்தில் இரண்டு நாள் தொங்கவிட்டு, சிறிய தராசில் நிறுத்து, எடையை ஒரு தாளில் எழுதிக் கட்டி லொறியில் அனுப்ப வேண்டும். பை கிழிந்தால் தைக்க ஒரு நூற்கட்டையும் கொடுத்தேன். அவர் அப்படியே செய்தார். ஒரு தடவைகூடத் தாமதமில்லை.

அவருடைய தாளிலும் ஐம்பது. என் ஆய்வுகூடத் தராசிலும் ஐம்பது. ஜூலையிலும் ஐம்பது. செப்டெம்பரிலும் ஐம்பது.

என் மேற்பார்வையாளர் பரமலிங்கம் சேருக்கு இது பெரிய சந்தோசம்.

“ஊர்மிளா, தேயிலை இலையில துவர்ப்புச் சத்து எவ்வளவு இருக்கு? அது புரதத்தைக் கட்டிப் பிடிச்சு வைக்கும். பாக்டீரியாவால கடிக்க ஏலாது. உம்மட இலை அழுகேல்லை. தேயிலை மண் கரியைக் காலகாலமா வைச்சிருக்குது எண்டதுக்கு இதைவிட என்ன வேணும்?”

“அப்ப முதல் நாலு மாசம் ஏன் குறைஞ்சது, சேர்?”

“அந்த இரண்டு அளவையும் திரும்பப் பாரும். பிழை அங்கதான் இருக்கும். மூண்டுக்கு இரண்டு.”

வாக்கெடுப்பில் உண்மை தீர்மானமாகுமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவர் ஏற்கெனவே கொழும்புக் கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பிவிட்டார். ‘சிதையாத தேயிலை இலை’ என்று என் பெயரில் ஒரு பேச்சு. வியாழக்கிழமை காலை. மண் பற்றித் தெரிந்த நாற்பது பேர் முன்னால் நின்று நான் அதைச் சொல்லவேண்டும். சரியாக இருந்தால் பட்டம் கைக்கு வந்ததுபோல. பிழையாக இருந்து ஒருவர் எழுந்து கேட்டுவிட்டால், ஒரு வருட வேலையும் என் சொல்லுக்கு இருக்கும் மதிப்பும் அங்கேயே முடிந்துவிடும்.

எடை கூட என்னென்ன வழி உண்டு என்று தேடினேன். மண் உள்ளே புகுந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஓர் அழகான சோதனை உண்டு. மாதிரியை உலையில் ஐந்நூற்றைம்பது பாகையில் எரித்தால் கரியெல்லாம் போய்ச் சாம்பல் மட்டும் மிஞ்சும். வெறும் இலையென்றால் நூற்றுக்கு ஐந்து ஆறு பங்கு சாம்பல். மண் கலந்திருந்தால் இருபது, முப்பது. நான் ஜூலை மாதத்து இலையை அரைத்த தூளை எரித்துப் பார்த்தேன். ஆறு. மண் இல்லை. ஈரமா? மறுபடி உலரவைத்தேன், ஒரு கிராம்கூட இறங்கவில்லை. வேர் உள்ளே வளர்ந்ததா? பன்னிரண்டு கிராம் வேர் என்றால் பை வெடித்திருக்கும். எது எதுவோ இல்லை என்று மட்டும் தெரிந்துகொண்டே போனேன்.

மே, ஜூலைப் பைகளைப் பிரித்ததும் நேரே அரைவைப் பொறியில் கொட்டியிருந்தேன். கரி அளக்க இலையைத் தூளாக்கித்தான் ஆகவேண்டும். செப்டெம்பர்ப் பைகள் மட்டும் இன்னும் முழுசாக இருந்தன. திங்கட்கிழமை ஒரு பையைப் பத்திரிகைத் தாளில் கொட்டி, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பாதி இலைகள் கறுத்து, நரம்பு மட்டும் மிஞ்சி, சல்லடைபோல இருந்தன. மற்றப் பாதி நேற்றுக் காய்ந்ததுபோல முழு இலைகள். ஒரே பை, ஒரே மழை, ஒரே பத்து மாதம். பாதி இலை மட்டும் எப்படி வயதாகாமல் இருக்கும்? சேரின் துவர்ப்புச் சத்து பாதி இலைக்கு மட்டும் வேலை செய்ததா?

செவ்வாய்க்கிழமை ஐந்து பைகளையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் பகல் நிறுவை முடிந்திருந்தது. மழை. பெண்கள் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். தராசடியில் நின்று எடை பார்க்கும் சோலைமலைக் கங்காணி என்னைக் கண்டதும் சிரித்தார்.

“வாங்க மிஸ். ஒங்க தலகாணியெல்லாம் சொகமா தூங்குது.”

என் பைகளுக்கு அந்த மலையில் தலையணை என்றுதான் பெயர். எனக்குக் குப்பை மிஸ் என்று ஒரு பெயர் இருப்பதும் தெரியும்.

அம்மாக்கண்ணு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் கையிலிருந்த பைகளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

“என்னங்க மிஸ், எடை சரியில்லையா? ஒரு கிராமும் கொறையலியே.”

“அதுதான் அக்கா எனக்கு விளங்கேல்லை.”

மடுவத்துத் திண்டில் தாளை விரித்துப் பையைக் கொட்டினேன். கறுத்த சல்லடை இலை ஒன்றையும் முழு இலை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

“இது இரண்டும் ஒரே நாள் வைச்ச இலை. ஆனா ஒண்டு கிழவி, மற்றது குமரி. ஏனெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

சோலைமலை எட்டிப் பார்த்தார்.

“கொழுந்துல முத்தல் கலந்தா நானே கண்டுபிடிச்சிருவேன். மிஸ்ஸு படிச்சவங்க, கண்டுபிடிக்க மாட்டாங்களா அம்மாக்கண்ணு?”

“நீங்க சும்மா இருங்க கங்காணி! ஒங்களாலதான் இவ்வளவும்.” அக்காவின் குரல் உயர்ந்து, என் பக்கம் திரும்பியதும் தணிந்தது. “மிஸ், நீங்க சீட்டுல அம்பதுன்னு எழுதிக் குடுத்தீங்க. காயவச்சு நிறுத்தா முப்பத்திரெண்டு நிக்குது. அடுத்ததும் அப்படித்தான். அஞ்சுமே கொறச்சல். எனக்குப் பயமாப் போச்சுங்க. எலி இழுத்திருச்சா, எவளாச்சும் அடுப்புக்கு எடுத்தாளான்னு தெரியல. என் பொறுப்புல இருக்கிற சாமான் கொறஞ்சா என்னத்தைங்க சொல்றது?”

“அதாலை?”

“அதே செடியில முத்தல் எலையா பறிச்சு, ட்ரையர் பக்கமே காயவச்சு, சரியா அம்பதுக்கு ஏத்தித் தச்சிட்டேங்க. வேற மலை எல ஒண்ணும் கலக்கல. சத்தியமா.”

நின்றிருந்த பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்தச் செய்கையில் ஆச்சரியப்பட எதுவும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. குறித்த கிலோ கொழுந்து நிற்கவில்லையென்றால் அன்றைக்கு அரை நாள் வேலைதான் அவர்கள் பெயரில் விழும். அரைப்பேர் என்பார்கள். இருபத்தைந்து வருடமாக அந்தத் தராசு முன்னால் நிற்கும் ஒருவரிடம், எடை எழுதிய சீட்டோடு ஒரு பையைக் கொடுத்துவிட்டு, அது குறையத்தான் வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. மண்புழுவிலிருந்து வானம்வரை எத்தனையோ விளக்கியிருந்தேன், இதைத் தவிர.

அப்போதுதான் மற்றப் பைகள் நினைவுக்கு வந்தன.

“அக்கா, மலையில இன்னும் முப்பத்தைஞ்சு பை கிடக்கு. அதுகளுக்கும் இலை போட்டனீங்களோ?”

“அதுக்கு ஏங்க போடப்போறேன்? அதுக்கெல்லாம் இன்னும் நிறுக்கிற நாளே வரலியே.”

எடுத்த பைக்குத்தான் கடைசி நேரத்தில் இலை சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் தாளில் கிடக்கும் கறுத்த இலைதான் உண்மையான மிச்சம். அதைப் பிரித்து நிறுத்தால் போதும். மேயும் ஜூலையும் தூளாகிவிட்டன, அவை போனது போனதுதான். முப்பத்திரண்டு என்று அக்கா சொன்னதும் ஏதோ ஒரு பையின் ஞாபகம், எழுதிவைத்த அளவு இல்லை. ஆனால் செப்டெம்பர் என் கையில் இருந்தது.

நான் இடுக்கியை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினேன். அக்கா கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தார்.

“தள்ளுங்க மிஸ், இப்படிப் பொறுக்குனா பொங்கலுக்குத்தான் முடியும்.”

அவர் விரல்கள் தாளில் ஓடின. முழு இலை ஒரு பக்கம், கறுத்தது மறு பக்கம். உடைந்த துண்டுகளில் மட்டும் இரண்டு பேரும் தயங்கினோம். கறுத்து மெலிந்திருந்தால் பழசு, மொரமொரவென்று உடைந்தால் புதுசு என்று ஒரு முடிவுக்கு வந்தோம். அது சரியான முடிவா என்று இப்போதும் எனக்கு உறுதியில்லை.

நிறுத்தேன். இருபத்தெட்டு. இருபத்தாறு. இருபத்தொன்பது. இருபத்தேழு. நாற்பத்துமூன்று, முப்பத்தெட்டு என்று இறங்கிய கோடு பத்தாம் மாதம் எங்கே வரவேண்டுமோ அங்கேதான் வந்து நின்றது. என் முதல் இரண்டு அளவும் பிழையில்லை.

ஐந்தாவது பை முப்பத்தெட்டு.

திரும்ப நிறுத்தேன். முப்பத்தெட்டு.

“அக்கா, இதுக்குள்ள புது இலையும் கலந்திட்டுதோ?”

“இல்லீங்க. இந்தப் பை எனக்கு நல்லா ஞாபகம். இதுல ஒரு பிடிதான் போட்டேன். இது மட்டும் ஏன் இம்புட்டுக் கனம்னு அன்னைக்கே நெனச்சேன்.”

“எந்த இடத்தில கிடந்தது?”

“மத்ததோடதாங்க. மழத்தண்ணி ஓடுற கான் ஓரமா.”

சோலைமலை குனிந்து பார்த்துவிட்டு, “அதுக்கு முழுப்பேர் போடுங்க மிஸ்” என்றார். இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்.

நான் புறப்படும்போது அக்கா கேட்டார்: “நவம்பருக்கும் நானே எடுக்கவாங்க?”

“நீங்கள்தான் எடுக்கோணும். இருபத்தைஞ்சு நிண்டா இருபத்தைஞ்சு எண்டு எழுதுங்கோ. பத்து நிண்டா பத்து.”

“கொறஞ்சதுன்னு எழுதுனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”

“மாட்டினம் அக்கா. குறையிறதைத்தான் நான் படிக்கிறன்.”

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

ஸ்டேஷனுக்கு இறங்கும் வழியில் இருந்த தொலைபேசிக் கடையான கொமினிகேஷனில் இருந்து சேருக்கு அழைத்தேன். தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொன்னேன்.

“அப்ப தேயிலை இலையும் மற்ற இலைமாதிரித்தான் அழுகுது.”

“ஓம் சேர். பத்து மாசத்தில கிட்டத்தட்டப் பாதி.”

“சுருக்கம் அச்சாகியிட்டுது ஊர்மிளா. தலைப்பே அதுதானே. உமக்கு உடம்பு சரியில்லை எண்டு சொல்லி நிப்பாட்டவோ?”

அந்த வாய்ப்பை அவர் என் கையில் வைத்தபோது எடுத்துக்கொள்ளத்தான் ஆசையாக இருந்தது. ஒரு காய்ச்சல் போதும். யாரும் எழுந்து கேட்க மாட்டார்கள். ஆனால் அச்சான தாள் எங்காவது ஒரு அலுமாரியில் இருக்கும்; தேயிலை இலை சிதையாது என்று யாராவது அதைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள்.

“இல்லை சேர். நான் பேசுறன். தலைப்புப் பிழை எண்டு சொல்லித் தொடங்குறன்.”

“ஏன் பிழைச்சது எண்டு கேட்பினம்.”

“என்ன செய்யோணும் எண்டு சொன்னனான், எதுக்கெண்டு சொல்லேல்லை. அதைத்தான் சொல்லுவன்.”

அவர் பெருமூச்சு விட்டது கம்பியில் கேட்டது. “சரி. மேயும் ஜூலையும் வரைபடத்தில வேண்டாம். அந்த இடத்தை வெறுமையா விடும்.” பிறகு, தன்னையறியாமல் குரலில் ஆவல் ஏறியது. “அந்த முப்பத்தெட்டு? கான் ஓரமோ? தண்ணி நிண்டு காத்துப் போகாமல் இருந்திருக்குமோ?”

“இருக்கலாம் சேர். ஆனா கான் ஓரத்தில வேற பையும் கிடந்தது. அது இருபத்தாறு.”

“அப்ப என்ன?”

“தெரியேல்லை.”

“அதையும் படத்தில போடும்,” என்றார்.