கனம் போதாது

மனிதகுலத்தின் வரலாற்றைத் தீர்மானித்தவை எறியப்பட்ட பொருட்களே என்பது ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஜெபசீலனின் அசைக்க முடியாத முடிவு. ராட்சதனை வீழ்த்திய தாவீதின் கூழாங்கல் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் இஸ்ரவேலின் கதையே வேறு என்பார். இந்த ஞானம் அவருக்கு வந்தது போன வருடம், குலசேகரத்துக்குப் பக்கத்தில் உள்ள தங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில், முதியோர் பந்தெறிதலில் தோற்ற அன்று சாயங்காலம்.

தோற்றதுகூடப் பெரிதில்லை. தோற்றது மனைவி பூங்கனியின் தம்பி தாசையனிடம். பரிசு ஒரு பிளாஸ்க். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து தாசையன் வீட்டுக்குப் போவது வழக்கம். போனால் அந்தப் பிளாஸ்க்கிலிருந்துதான் சாயா.

"சூடு நிக்குதா அத்தான்? நல்ல பிளாஸ்க்காக்கும். உங்களுக்கு வரவேண்டியது," என்பார் தாசையன், ஒவ்வொரு வாரமும், முதல்முறை சொல்வதுபோல.

"பந்து செரியில்லடே. உள்ள ஒண்ணுமில்லாத பிளாஸ்டிக்கு. எறிஞ்சா காத்து பிடிச்சு நிறுத்திப்போடும்."

"எனக்க பந்தையும் அதே காத்துதானே பிடிச்சிருக்கும்?"

இதற்கு இயற்பியலில் பதில் இருந்தது. ஆனால் சாரின் வாயில் சாயா இருந்தது.

இந்த வருடமும் பரிசு பிளாஸ்க்தான், போன வருடத்தைவிடப் பெரியது என்று தெரிந்ததும் சார் ஆராய்ச்சியில் இறங்கினார். எலுமிச்சை, டென்னிஸ் பந்து, கொய்யா, உரித்த தேங்காய் எல்லாம் முற்றத்திலிருந்து பறந்தன. லேசானது காற்றில் தயங்கி விழுந்தது. கனத்தது காலடியிலேயே விழுந்தது. பெரியது உள்ளங்கைக்கு அடங்கவில்லை, சின்னது விரலில் நிற்கவில்லை.

"கறிக்கு வெச்ச தேங்காயையுமா எறியணும்?" என்றாள் பூங்கனி.

"அறிவியலுக்காக்கும்."

"அறிவியலு தேங்கா அரைச்ச குழம்பு கேக்கும்லா, அப்ப பாத்துக்கிடுகேன்."

டென்னிஸ் பந்தின் பருமன், கிரிக்கெட் பந்தின் கனம். இதுதான் முடிவு. இதைச் சொல்லத்தான் சார் பண்டிகைக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

தலைமை வகித்தவர் சபையின் போதகரான ஐயர். அழைப்பிதழ், கல்வெட்டு, கல்யாண வாழ்த்து எதிலும் அவர் 'கனம் ஐயர் அவர்கள்'தான். ஆள் அந்தப் பட்டத்துக்குக் குறைவைக்காத உடம்பு. அவருக்கு இடமாற்றல் வந்திருப்பதும், அதை நிறுத்த அவர் ஓடியாடிக்கொண்டிருப்பதும் ஊரறிந்த விஷயம். சாருக்கும் தெரியும். எழுந்து நின்றபோது ஞாபகம் இல்லை.

"ஐயா, போன வருசம் நடந்த குழப்பத்துக்கெல்லாம் காரணம் ஒண்ணே ஒண்ணு. கனம் போதாது."

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதுக்காக கனம் ரொம்பக் கூடினாலும் பிரயோஜனம் இல்ல. இருந்த இடத்தவிட்டு அசையாது."

பெண்கள் ஐக்கியச் செயலாளர் சத்தியபாய்தான் முதலில் வாய்திறந்தாள். "சாரே, மனசுல உள்ளத நேரா சொல்லும். எதுக்குச் சுத்தி வளைக்கணும்?"

"நான் பந்தச் சொல்லுகேன்."

"நாங்களும் பந்தத்தான் பாத்துட்டு இருக்கோம்," என்று பின்வரிசையில் யாரோ முனகினார்கள். பெஞ்சுகள் சிரிப்பில் குலுங்கின.

"கனம் மட்டுமில்ல, பருமனும்..." என்று சார் விளக்கத் தொடங்கினார். அவர் விளக்க விளக்க ஐயரின் முகம் சிவந்துகொண்டே போனது.

"போதும்," என்றார் ஐயர். "சாருக்குப் பிடிச்ச பந்த சாரே கொண்டு வரட்டும். அவங்கவங்க பந்து அவங்கவங்களுக்கு. ஜெபிப்போம்."

ஜெபத்துக்குப் பிறகு யாரும் பேச முடியாது. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஏன் கேட்டார் என்பது ஒருவருக்கும் புரியவில்லை. அந்த எரிச்சலோடு சார் வீடு திரும்பினார்.

அப்படி ஒரு பந்து எந்தக் கடையிலும் கிடையாது. ரப்பர் மரத்தின் வெட்டில் உறைந்து நாடாவாக உரிந்துவரும் ஒட்டுபாலைச் சுற்றிச் சுற்றி அவரே செய்தார். பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்து, கூடுதலைப் பிளேடால் சீவினார். கறுத்து, நாற்றமடித்து, கணக்குக்கு அணுப்பிசகாத பந்து.

பண்டிகையன்று வெயில் கொளுத்தியது. துவக்க உரை ஐயர். அவர் பொறுமையைப் பற்றிப் பேசினார், நாவடக்கத்தைப் பற்றிப் பேசினார், நாவை அடக்காத படித்தவர்களைப் பற்றி மிக விரிவாகப் பேசினார். அத்தனை நேரமும் சார் பந்தை யாரிடமும் கொடுக்காமல் உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு நின்றார்.

முதலில் தாசையன் அதே பழைய பிளாஸ்டிக் பந்தை எறிந்தார். விழுந்த இடத்தில் கொடி நட்டார்கள். அடுத்து சார். இரண்டடி பின்வாங்கி, ஓடிவந்து, கையை வீசினார். பந்து வரவில்லை. வியர்வையிலும் சூட்டிலும் இளகிய ஒட்டுபால் விரல்களை விட மனமில்லாமல் ஒட்டிக்கொண்டு, விட்டபோது திசை மாறி, கோட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த பந்தலுக்குள் போய் ஐயரின் மடியில் விழுந்தது.

"கடைசில கனத்துமேலயே எறிஞ்சுட்டாரே மனுசன்," என்றாள் சத்தியபாய். மைக் அவள் கையில் இருந்தது.

ஐயர் வெள்ளை அங்கியிலிருந்து பந்தைப் பிய்த்து எடுத்தார். முகர்ந்தார். முகம் சுளித்து, குப்பையைக் கடாசுவதுபோல மைதானத்தின் பக்கம் எறிந்தார். அது தாசையனின் கொடிக்கு மேலே போய், வேலியைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்குள் மறைந்தது.

"பாத்தியளா, கணக்கு செரிதானே," என்று சார் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். கமிட்டிக்கு நேரமில்லை. பிளாஸ்க்கை ஐயருக்கு வழங்க ஒருமனதாகத் தீர்மானம் ஆகிக்கொண்டிருந்தது.

"வெசனப்படாதீங்க அத்தான்," என்றார் தாசையன். "ஜெயிச்சது உங்க பந்தாக்கும். வீட்டுக்கு வாங்க, சாயா குடிக்கலாம்."

அவ்வளவு தூரம் எறிந்த ஐயர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.